சொந்தக் கையெழுத்தில்

பெக்கோக் ஸ்டேஷன் குவார்ட்டர்ஸ், ஜொகூர்

1931 அக்டோபர் 6, செவ்வாய்

நேற்று எழுத வேண்டியதை இன்று எழுதுகிறேன். இந்த நாட்குறிப்புக் கொப்பியில் எல்லாமே ஒரு நாள் பிந்தித்தான் நடக்கிறது.

காலையில் ஐம்பது இடியப்பம். எங்களைத் தவிர வீட்டில் இப்போது ஐந்து ஆண்கள். மூன்று பேர் ஆட்குறைப்பில் வேலை போனவர்கள். இரண்டு பேர் வேலை தேடி யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்தவர்கள். ரயில் பாதையில் எங்காவது ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் நம்மவர் என்று தெரிந்தால், அந்த வீட்டில் பெட்டியை இறக்கிவிடலாம். மலாயாவில் அது யாரும் எழுதிவைக்காத சட்டம். எல்லோரும் ஒரு கிழமை என்றுதான் வருவார்கள். சின்னத்தம்பி அண்ணரும் அப்படித்தான் வந்தார், யோகம் பிறந்த அடுத்த வாரம். யோகத்துக்கு எட்டு மாதம். அவள் தவழத் தொடங்கிவிட்டாள். அவர் இன்னும் சாய்வு நாற்காலியை விட்டு எழும்பவில்லை.

சமையலறைக் கதவில் ஓர் அட்டவணை எழுதி, சோற்றுப் பசையால் ஒட்டினேன். காலேஜ் விடுதியில் இருந்தது போல மணிக்கு மணி. தலைப்பு: எது முதல், எது பிறகு. முதலாவது யோகம் என்று எழுதினேன். இரண்டாவதற்குப் பேனை நின்றுவிட்டது. சமையல் என்று எழுதினால் அது முழு நாளையும் விழுங்கிவிடும். எழுதாவிட்டால் மட்டும் விழுங்காமல் இருக்குமா?

இவர் டியூட்டி முடிந்து வந்து பார்த்தார். "ரயில்வே டைம்டேபிளை விட வடிவா இருக்கு" என்றார். சிக்னல் கொடியை மூலையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அக்டோபர் 9, வெள்ளி

அட்டவணையில் பத்து மணி: வாசிப்பு. பத்து மணிக்கு விறகு நனைந்திருந்தது.

அக்டோபர் 14, புதன்

துணி துவைக்க வருகிற பேச்சியம்மாள் அட்டவணை முன்னால் ஈரக் கையோடு நின்றாள். அவள் புருஷன் தண்டவாளம் பார்க்கிற கூலி. இவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"என்னம்மா இது, கதவுக்குச் சீட்டு?"

எந்த நேரம் எந்த வேலை என்று எழுதியிருக்கிறேன் என்றேன்.

"அட, எங்களுக்குத்தான் கங்காணி மணி அடிப்பான், ஓடுவோம். உங்களுக்கு நீங்களே அடிச்சுக்கிறீங்களா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோகம் தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று மூன்று தரம் பார்த்துவிட்டேன். மூன்று தரமும் வந்தது. நான்காவது தரம் பார்க்கவேண்டும் என்று ஏன் தோன்றுகிறது?

அக்டோபர் 20, செவ்வாய்

இதைத் தாமதிக்காமல் எழுதிவிட வேண்டும்.

முதல் வகுப்பில் யாரோ விட்டுப்போன பத்திரிகையை இவர் கொண்டுவந்தார். லாபிஸில் ஜனவரியில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடம் தொடங்குகிறார்களாம். கீழ் வகுப்புகளுக்கு ஓர் ஆசிரியர், ஆணோ பெண்ணோ, சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவர். விண்ணப்பம் சொந்தக் கையெழுத்தில், நவம்பர் பதினான்குக்குள்.

லாபிஸ் அடுத்த ஸ்டேஷன்! காலை ஏழு மணி ரயிலில் போனால் இரண்டு மணி ரயிலில் திரும்பலாம். ஸ்டேஷன் மாஸ்டர் மனைவிக்குப் பாஸ் உண்டு. கேட்டால் பேச்சியம்மாள் பிள்ளையைப் பார்ப்பாள். நான் சீனியர் பாஸ். கல்யாணத்துக்கு முன் ஒரு வருஷம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். கையெழுத்துக்குக் காலேஜில் முதற் பரிசு. கூடப் படித்த செல்வராணி அதற்காகவே என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். அவள் இன்று மூவாரில் டீச்சர். நான் தேங்காய் துருவுகிறேன்.

பிள்ளையை ஏழு மணி நேரம் விட்டிருக்கலாமா? அது பாவமா? அவளுக்குக் காய்ச்சல் வந்து நான் லாபிஸில் நின்றால்? போகாமலே இருந்தால் — இருபத்துமூன்று வயதில் ஒரு நாளைக்கு ஐம்பது இடியப்பம், முப்பதில் எத்தனை?

இவரிடம் சொன்னேன். "பாப்பம்" என்றார். கை பாதி இறங்கின சிக்னல். போகவும் முடியாது, நிற்கவும் முடியாது.

அட்டவணையைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். முதல் யோகம். இரண்டாவது லாபிஸ்.

அக்டோபர் 27, செவ்வாய்

சின்னத்தம்பி அண்ணருக்கு இரண்டு விண்ணப்பம், சிங்கப்பூருக்கு ஒன்று, குளுவாங்குக்கு ஒன்று. மற்றவர்களுக்கு ஒவ்வொன்று. நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன், அவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் கையால் எழுதி அனுப்புவார்கள். இந்த வீட்டின் வழக்கம் அது. வருகிறவர்கள் கப்பலிலேயே கேள்விப்பட்டுத்தான் வருகிறார்கள் — பெக்கோக்கில் சோறும் உண்டு, அப்ளிக்கேசனும் உண்டு.

"தங்கச்சி, உம்மட எழுத்தைப் பாத்தால் வெள்ளைக்காரன் கதிரையை விட்டு எழும்புவான்" என்றார் அண்ணர், கதிரையை விட்டு எழும்பாமல்.

என்னுடையது இன்னும் தொடங்கவில்லை.

நவம்பர் 3, செவ்வாய்

யோகத்துக்குக் காய்ச்சல். கொய்னா மருந்து கரைத்துக் கொடுத்தேன், துப்பினாள். எதுவும் எழுத முடியாது.

நவம்பர் 6, வெள்ளி

இறங்கிவிட்டது. பால் குடித்தாள். நான் கோழி கூவும்போது அழுதேன், காரணம் தெரியாது. பிறகு மாவு பிசைந்தேன்.

நவம்பர் 9, திங்கள்

சாப்பாட்டுக்குப் பிறகு இவர் கை துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இஞ்சாரும், தம்பிராஜாவுக்கும் லாபிஸுக்கு ஒரு அப்ளிக்கேசன் எழுதிக் குடும்."

தம்பிராஜா இவருடைய சித்தப்பா மகன். ஆகஸ்டில் வந்தவன். சீனியரில் ஒரு தரம் பெயில். நல்ல சுபாவம், எதற்கும் சிரிப்பான்.

"அது நான் போடுற வேலையெல்லே?" என்றேன்.

"நீரும் போடும். ரெண்டு பேர் போட்டா ஆருக்கெண்டாலும் கிடைக்கும். ஒரு வீட்டுக்குள்ளதானே வருது."

"அவர் சீனியர் பெயில்."

"அதுதானே உம்மட எழுத்து வேணும் எண்டுறன். உமக்கு வீடிருக்கு, பிள்ளை இருக்கு. அவனுக்கு என்ன இருக்கு? ஊரில மூண்டு தங்கச்சிமார் இருக்கினம்."

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதை இங்கே எழுதிவைக்கிறேன், பின்னால் இன்னொருவரைக் குற்றம் சொல்லும்போது திருப்பிப் பார்ப்பதற்கு.

நவம்பர் 11, புதன்

அவனுடையதை முதலில் எழுதினேன். ஒரு மணி நேர வேலை, முடித்துவிட்டால் மனம் லேசாக இருக்கும், பிறகு ஆறுதலாக என்னுடையதை எழுதலாம் என்று கணக்குப் போட்டேன். அட்டவணை ஒட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்துதான் இந்தக் கணக்கைப் போட்டேன்.

மற்றவருடைய வாழ்க்கை என்றால் பேனை எவ்வளவு சுலபமாக ஓடுகிறது! என்னைப் பற்றி ஒரு வசனம் எழுத நாணமாக இருக்கும். அவனைப் பற்றி ஒரு பக்கம் வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் பயமில்லாமல் கற்கவேண்டும், அதற்குப் பொறுமைதான் முதல் தகுதி என்று ஒரு வசனம். அதை எனக்கென்று பல நாளாக மனத்தில் வைத்திருந்தேன். கை தானாக அதை அவனுக்குக் கொடுத்துவிட்டது. கொடுத்ததைத் திருப்பி எடுக்க வெட்கமாக இருந்தது.

அவன் வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்று நல்ல தாளில், பரிசு வாங்கின எழுத்தில் எழுதினேன்.

"இதைப் பாத்து உங்கட கையால எழுதுங்கோ. சொந்தக் கையெழுத்தில எண்டு போட்டிருக்கு."

"ஓம் மச்சாள், ஓம்."

நவம்பர் 12, வியாழன்

என்னுடையதை எழுதினேன். யோகம் மடியில் இருந்தாள், இறக்கினால் அழுகை. அடுப்பில் பருப்பு. நல்ல தாள் தீர்ந்துவிட்டது. அந்த வசனத்தை விட மனமில்லாமல் கொஞ்சம் மாற்றி நானும் எழுதினேன். என்னுடைய வசனந்தானே? கடைசி வரியில் யோகம் கையைத் தட்டிவிட்டாள், மை கொட்டியது. திரும்ப எழுத நேரமில்லை. பதினொரு மணி ரயிலில் தபால் பை போகிறது. ஊதித் துடைத்து அனுப்பினேன்.

இரண்டும் ஒரே பையில் போயின.

நவம்பர் 28, சனி

லாபிஸ் பள்ளிக்கூடக் கமிட்டியின் கடிதம். மூன்று வரி. விண்ணப்பத்தை ஏற்க முடியவில்லையாம். விண்ணப்பங்கள் சொந்தக் கையெழுத்தில் இருக்கவேண்டும் என்று விளம்பரத்தில் தெளிவாகக் கேட்டிருந்ததை நினைவூட்டுகிறார்களாம்.

வேறு யாருடைய கை? மை கொட்டினதைச் சொல்கிறார்களா? ஒன்றும் விளங்கவில்லை. ஒரு நாள் முழுக்க ஒன்றும் விளங்கவில்லை.

தம்பிராஜாவை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நவம்பர் 30, திங்கள்

கிடைத்துவிட்டது அவனுக்கு.

இரண்டு மணி ரயிலில் ஒரு டின் பிஸ்கோத்தோடு இறங்கினான். சின்னத்தம்பி அண்ணர் நாற்காலியிலிருந்தே கை தட்டினார். சமையலறைக்கு வந்து என் காலில் விழப் போனான். விலகிக்கொண்டேன். அப்போதுதான் சொன்னான், அதுவும் வேடிக்கைக் கதை போல.

"கமிட்டிச் செக்கிரட்டரி உங்கட எழுத்தைப் பாத்துத்தான் மச்சாள் எடுத்தவர். இப்பிடி ஒரு எழுத்தை இந்தப் பக்கத்தில காணேல்லையாம். பிறகு சிரிச்சுப்போட்டு, 'உம்மட வீட்டில இருந்து ஒரு லேடியும் போட்டிருக்கிறா, அவவுக்கும் நீர்தானே எழுதிக் குடுத்தது?' எண்டு கேட்டார்."

"உங்கட கையால பாத்து எழுதச் சொன்னனே?"

"எழுதத்தான் இருந்தன். உங்கட எழுத்து அவ்வளவு வடிவு. என்ர கோழிக் கீறலில எழுதினாக் கெட்டுப்போகும் எண்டு கீழ பேர் மட்டும் போட்டு அனுப்பிப்போட்டன்."

"அவர் கேட்டதுக்கு நீங்கள் என்ன சொன்னியள்?"

பிஸ்கோத்து டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் என்னத்தைச் சொல்லுறது மச்சாள்... சிரிச்சன்."

சிரிச்சவனாம். சிரிச்சவனாம்! ரெண்டு கடுதாசி, ஒரே எழுத்து. வடிவான தாளில இருக்கிறது ஆம்பிளையின்ர, மை கொட்டிக் கசங்கினது பொம்பிளையின்ர. ஆர் ஆருக்கு எழுதிக் குடுத்திருப்பினம் எண்டு அவைக்கு ஒரு நிமிசம்கூட யோசிக்க வேண்டி வரேல்லை. அந்த ஒரு வசனத்தையும் நான் அவனிட்டக் களவெடுத்தனாம். என்ர வசனம்! நான் கையால குடுத்த என்ர வசனம்!

பிஸ்கோத்தை யோகம் நன்றாகச் சப்பினாள்.

டிசம்பர் 2, புதன்

செக்கிரட்டரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி. கோபமில்லாமல், மரியாதையாக, நல்ல ஆங்கிலத்தில். எழுதி முடித்து, தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன்.

அதுவும் தம்பிராஜாவின் எழுத்து.

நான் என்ன எழுதினாலும் இனி அது அவனுடைய எழுத்து. என்னை நிரூபிக்க என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி அவன் பக்கம் போய்விட்டது.

நேரில் போகலாம், முன்னால் உட்கார்ந்து எழுதிக் காட்டலாம் என்று இவரிடம் சொன்னேன். கொடியைச் சுருட்டி மூலையில் வைத்தார்.

"இப்ப போய் உதைச் சொன்னா அவன்ர வேலை போகும். உமக்கும் தரமாட்டினம். ஸ்டேசன் மாஸ்டர் வீடு கள்ளர் வீடு எண்டு பேர் வரும்."

"உண்மை எண்டு ஒண்டு இருக்கெல்லே?"

"ஆர் இல்லையெண்டது? உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அது போதாதே?"

கெட்ட மனிதர் இல்லை இவர். யோகத்துக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு டியூட்டிக்கு நடுவில் ஓடிவந்து தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர். அதனால்தான் இன்னும் கசக்கிறது.

டிசம்பர் 4, வெள்ளி

ஊரிலிருந்து தம்பிராஜாவின் தாய் சின்னமாமியின் கடிதம். தம்பிராஜாவுக்கு வேலை சரிவரவேண்டும் என்று மூன்று பெண்களும் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறார்களாம். அந்த மூன்று பேரையும் எனக்குத் தெரியும். என் கல்யாணத்துக்குப் பூக் கட்டினவர்கள்.

எது முதல், எது பிறகு? என் பேரா, அந்த மூன்று பேரா?

செக்கிரட்டரிக்கு எழுதின கடிதத்தை அடுப்பில் வைத்தேன். தண்ணீர் கொதிக்கக்கூட அது போதவில்லை.

டிசம்பர் 25, வெள்ளி

மழை. ஒன்றும் இல்லை.

1932 ஜனவரி 5, செவ்வாய்

ஏழு மணி ரயில். தம்பிராஜா வெள்ளைக் காற்சட்டை, கோட்டு. சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். யோகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிக்குப் பக்கத்தில் நின்றேன். சிக்னல் முழுதாக இறங்கியது. நான் ஏறவேண்டிய பெட்டியில் நான் கட்டின சோறு ஏறிப் போயிற்று.

யோகம் கை காட்டினாள். புதிதாகக் கற்றுக்கொண்டது.

ஜனவரி 12, செவ்வாய்

தம்பிராஜாவின் பெருவிரலில் துணிக்கட்டு. என்ன காயம் என்று கேட்டேன். காயம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் எழுதச் சொல்வார்கள் என்று பயந்து கட்டியிருக்கிறான்!

"என்ர எழுத்தைக் கண்டா விளங்கிடும் மச்சாள். எத்தினை நாளைக்கு இந்தக் கட்டோட திரியிறது? பாடக் குறிப்பை மட்டும் எழுதித் தாங்கோ. ஒரு கிழமைக்கு."

ஒரு கிழமை. இந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன நீளம் என்று எனக்குத் தெரியாதா? எழுதிக் கொடுத்தேன்.

பிடிபட்டால் மூன்று பெண்கள். எப்போதும் அந்த மூன்று பெண்கள்.

பிப்ரவரி 3, புதன்

இப்போது பாடக் குறிப்பு, மாணவர் பேரும் வரவும் பதிகிற இடாப்பு, பெற்றோருக்குக் கடிதம், முப்பத்தொரு கொப்பியில் சிவப்பு மைத் திருத்தம். எல்லாம் என் கை. வீட்டில் இருந்து நோவோடு மெதுவாக எழுதுகிறேன் என்று அங்கே சொல்லிவைத்திருக்கிறானாம். அவன் இரண்டு மணிக்குக் கட்டோடு கொண்டுவந்து வைப்பான், காலை ஏழுக்கு எடுத்துக்கொண்டு போவான். அட்டவணையில் எனக்குத் தெரியாமலே இரண்டாவது வரிக்கு லாபிஸ் திரும்ப வந்துவிட்டது.

என் கையெழுத்து தினமும் ஏழு மணி ரயிலில் வேலைக்குப் போகிறது. நான் வீட்டில் இருக்கிறேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், கொப்பிகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. ஒரு சீனப் பையன் 'எஸ்' எழுத்தை எப்போதும் தலைகீழாகப் போடுகிறான். நான் ஒவ்வொரு தரமும் பக்கத்தில் சரியானதை எழுதிக் காட்டினேன். நேற்று முதல் தரம் நேராகப் போட்டிருந்தான். பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன். அவன் அதைக் காட்டியிருக்கப்போவது தம்பிராஜாவிடம்.

செக்கிரட்டரி இன்ஸ்பெக்டரிடம் கொப்பிகளைக் காட்டினாராம். இன்ஸ்பெக்டர் தம்பிராஜாவின் கையைக் குலுக்கினாராம். கட்டுப்போட்ட கையை, மெதுவாக.

பிப்ரவரி 17, புதன்

எழுதத்தான் வேண்டும்.

பின்னேரம் மூன்று மணி. மாத இடாப்பு நாளைக்கு வேண்டும் என்றான். பேர்களை எழுதிக்கொண்டிருந்தேன். யோகம் காலடியில் கரண்டியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தது என்றுதான் நினைத்தேன். இருபத்தேழாவது பேர் எழுதும்போது வெளியே பேச்சியம்மாள் போட்ட கூச்சல்.

பின்கதவு திறந்திருந்திருக்கிறது. படி இறங்கி, வேலி ஓட்டையால் போய், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கருங்கல் குவியலில் உட்கார்ந்திருந்தாளாம். வாயில் ஒரு கல். கூட்ஸ் வண்டி சங்கு ஊதிக்கொண்டு வளைவில் வந்துகொண்டிருந்தது. சின்னத்தம்பி அண்ணர் முன்பக்கத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். தம்பிராஜா தூங்கினான். நான் அவனுடைய இடாப்பு எழுதினேன்.

பேச்சியம்மாள் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்து, மேசையில் கிடந்ததைப் பார்த்தாள். அவளுக்கு என்னை அடிக்கவேண்டும் போல வந்தது. தெரிந்தது.

"என்னம்மா எழுத்து? அப்படி என்ன எழுத்து? எழுதி எழுதி புள்ளையக் கொண்டுபோய் ரயிலுக்குக் குடுக்கவா? கதவுல சீட்டு ஒட்டியிருக்கீங்களே, அதுல இந்தப் புள்ள பேரு எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்!"

முதலாவதாக இருக்கிறது பேச்சியம்மா. முதல் வரியில்.

சொல்லவில்லை. பிள்ளையின் வாயிலிருந்து கல்லை எடுத்தேன். விடமாட்டேன் என்று என் விரலைக் கடித்தாள்.

பிப்ரவரி 18, வியாழன்

அட்டவணையைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, கத்தியால் சுரண்டி எடுத்தேன். கதவில் வெள்ளையாக ஒரு சதுரம்.

தம்பிராஜாவைக் கூப்பிட்டேன். இவரும் இருந்தார், அண்ணரும் இருந்தார். இருக்கட்டும் என்றுதான் கூப்பிட்டேன்.

"இனி ஒரு வரியும் எழுதித் தரமாட்டன்."

"ஐயோ மச்சாள்! எழுத்து மாறினாப் பிடிச்சுப்போடுவினம்!"

"அப்ப என்ர எழுத்தைப் பழகுங்கோ. அதுவரைக்கும் கை கூட நோகுது எண்டு சொல்லுங்கோ."

"உது நடக்கிற காரியமோ?"

"சின்னப் பிள்ளையள் பயமில்லாமல் படிக்கவேணும், அதுக்குப் பொறுமைதான் முதல் தகுதி. நீங்கள் எழுதினதுதானே? இருந்து எழுதுங்கோ."

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த நேரத்தில் ரயில் எதுவும் இல்லை.

"பொல்லாத வாத்தியாரம்மா" என்றார் அண்ணர்.

"அண்ணர், நாளையில இருந்து தேங்காய் நீங்கள் துருவுங்கோ. கதிரையில இருந்துகொண்டே செய்யலாம்."

காலேஜ் கொப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்து, சிறிய 'ஏ'யிலிருந்து தொடங்கினேன். சாய்வு, மேல் வளைவு, கீழ்க் கொழுக்கி. ஒவ்வொரு பின்னேரமும் இரண்டு பக்கம். யோகம் என் இடுப்பில், சேலை முனையால் கட்டியபடி. பிழை விட்டால் திரும்ப எழுதவைத்தேன். அழுதுவிடுவான் போல இருந்தது.

எனக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் இது. ஒரு மாணவன். அவனுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற பாடம், நான் இல்லாமல் ஆவது எப்படி என்பது.

மார்ச் 9, புதன்

கெட்டிக்காரன்தான். பிடித்துவிட்டான். இன்று கட்டை அவிழ்த்தான்.

அவன் எழுதின பக்கத்தையும் நான் எழுதின பக்கத்தையும் இவரிடம் காட்டி, எது என்னுடையது என்று கேட்டேன். விளக்கடியில் வைத்துப் பார்த்தார். நிச்சயமாக ஒன்றைத் தொட்டார்.

அது அவனுடையது.

மார்ச் 23, புதன்

ஒரு நாளும் பிந்தாமல், இன்றையதை இன்றே எழுதுகிறேன். நேரம் இருக்கிறது.

பதினொரு மணி ரயிலில் புதிதாக ஒருவர். யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கம், இருபத்தைந்து வயது இருக்கும், தகரப் பெட்டி. இவர் டியூட்டியில் இருந்தபடியே வீட்டைக் காட்டிவிட்டிருக்கிறார். முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தேன். சோறு போட்டேன். சாப்பிட்டு முடித்து, வெட்கப்பட்டுக்கொண்டே மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"அக்கா, நீங்கள் அப்ளிக்கேசன் எழுதித் தருவியள் எண்டு கப்பலில சொன்னவை. லாபிஸ் வாத்தியாருக்கும் நீங்கள்தான் எழுதிக் குடுத்ததாம்."

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. சின்னத்தம்பி அண்ணர் என்னைப் பார்த்தார்.

"ஆரோ பிழையாச் சொல்லிப்போட்டினம் தம்பி. அவர் தானேதான் எழுதினவர். அவற்ற எழுத்து நல்ல வடிவு. எனக்கு இங்கிலீசு தெரியாது."

எவ்வளவு சுலபமாக வந்தது! மூன்று சொல். வாய் கூசவில்லை. அண்ணர் குனிந்து திரும்பத் துருவத் தொடங்கினார்.

அந்தப் பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கவேண்டும்.

"அதுக்கென்ன அக்கா. வீட்டில இருக்கிற பொம்பிளையளுக்கு இங்கிலீசு என்னத்துக்கு?"

அப்போது தபால் வந்தது. மூவாரிலிருந்து செல்வராணி. நான்கு மாதத்துக்குப் பிறகு எழுதியிருக்கிறாள், வழக்கம் போல ஆங்கிலத்தில். உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாசித்துக் காட்டவா என்று வந்தவர் கேட்டார். சோற்றுக்கு நன்றி என்று நினைத்திருப்பார். கொடுத்தேன்.

முற்றத்துப் படியில் உட்கார்ந்து, விரல் வைத்து வாசித்தார். ஒவ்வொரு வரியும் முடிந்ததும் எனக்குத் தமிழில் சொன்னார். அவளுக்கு மார்ச்சில் சம்பள உயர்வு. மூவார் ஆற்றில் வெள்ளம். இரண்டு இடத்தில் உச்சரிப்புப் பிழை, ஓர் இடத்தில் அர்த்தமே பிழை. நான் யோகத்தின் தலையைக் கோதிக்கொண்டு கேட்டேன். திருத்தவில்லை.

கடைசி வரியில் நின்று நெற்றியைச் சுருக்கினார்.

"வகுப்பில முதற் பரிசு வாங்கின எழுத்து இன்னும் அப்பிடியே இருக்கோ எண்டு கேக்கிறா. ஆரின்ர எழுத்தைச் சொல்லுறா, அக்கா?"

"தெரியாது தம்பி" என்றேன். "வேற ஆரையோ நினைச்சு எழுதியிருக்கிறா."

அவர் கடிதத்தை மடித்து, கவனமாக உறைக்குள் வைத்து, என் கையில் கொடுத்தார். இரண்டு மணி ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. கதவில் அந்த வெள்ளைச் சதுரம் அப்படியே இருக்கிறது. பின்கதவைத் தாழ் போட்டுவிட்டு, யோகத்துக்குப் பக்கத்தில் படுத்தேன்.